வாரா ஐயக்கடன் ஒதுக்கும் மாணவர் பட்டியலும்

பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் படித்த யாரும் 'வாரா ஐயக்கடன் ஒதுக்கு' என்ற பெயரை மறந்திருக்க மாட்டார்கள். பற்பல கடனாளிகள் ஒரு லட்சம், ஒதுக்கு 5 சதவீதம். ஐயாயிரத்தை லாப நட்டக் கணக்கில் பற்று வை, இருப்புநிலைக் குறிப்பில் கடனாளிகளிலிருந்து கழித்துக் காட்டு. அவ்வளவுதான். சரிக்கட்டுப் பதிவுகளிலேயே சுலபமாக மார்க் வாங்கித் தருவது இதுதான்!

இந்தக் கணக்கில் ஒரு நாகரிகம் இருக்கிறது. வராமல் போகப் போகும் அந்த ஐயாயிரம் யாருடையது என்று யாரும் எழுதுவதில்லை. போன வருடங்களின் அனுபவத்தை வைத்து, மொத்தத்தில் இவ்வளவு வராமல் போகலாம் என்று ஒரு தொகையை எடுத்து வைக்கிறார்கள். தெருமுனைக் கடைக்காரர் கடனைக் கட்டமாட்டார் என்று பேர் போட்டு வாராக்கடனில் எழுத வேண்டுமானால் அது வேறு பதிவு. அவர் நொடித்துப் போனார் என்பதற்கு ஏதாவது காரணம் கையில் இருக்க வேண்டும்.

இப்போது கடனாளிகள் இருந்த இடத்தில் கல்லூரி மாணவர்களை வைத்துப் பாருங்கள்.

60 பேர் இருக்கும் வகுப்பில் ஆறு பேர் பட்டம் முடிக்காமல் போவார்கள் என்று பழைய பதிவேடுகளைப் பார்த்து ஒரு கல்லூரி சொல்லலாம். அது ஒதுக்கு. திட்டம் போட உதவும். ஆனால் 'அந்த ஆறு பேர் இன்னின்னார்' என்று, அவர்கள் முதல் செமஸ்டர் எழுதும் முன்பே கம்ப்யூட்டர் பட்டியல் போட்டுக் கொடுத்தால்? அதற்குத்தான் 'பிரெடிக்டிவ் அனலிடிக்ஸ்' என்று பெயர். தமிழில் முன்கணிப்பு என்கிறார்கள். பெயர்தான் பெரிசு, வேலை செய்யும் விதம் எளிது. கடந்த சில பேட்ச்களின் மார்க், வருகைப்பதிவு, ஃபீஸ் கட்டிய தேதி, பெற்றோர் வருமானம், ஊர், படித்த பள்ளி எல்லாவற்றையும் மென்பொருளுக்குக் கொடுப்பார்கள். நின்று போனவர்களிடம் எவையெல்லாம் பொதுவாக இருந்தன என்று அது தேடும். புதிதாகச் சேர்ந்த மாணவர் அவர்களோடு எவ்வளவு ஒத்துப் போகிறார் என்று பார்த்து அவருக்கு ஒரு எண்ணோ, பச்சை மஞ்சள் சிவப்பு என்று ஒரு நிறமோ கொடுக்கும்.

இதெல்லாம் எங்கேயோ நடக்கிற கதை இல்லை. பக்கத்து மாநிலமான ஆந்திராவில் மைக்ரோசாஃப்ட்டின் அஸூர் மென்பொருளை வைத்து, அரசுப் பள்ளிகளில் யார் படிப்பை நிறுத்துவார்கள் என்று கணித்தார்கள். 2018-19 கல்வியாண்டுக்கு விசாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 19,500 பிள்ளைகள் அந்தப் பட்டியலில் வந்தார்கள். மென்பொருள் கண்டுபிடித்த காரணங்களில் ஒன்று, பள்ளியில் சரியான கழிப்பறை இல்லாவிட்டால் பெண் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள் என்பது. (இதைச் சொல்ல அஸூர் எதற்கு, எந்த ஊர் அம்மாவைக் கேட்டாலும் சொல்லியிருப்பாரே!) ஆனாலும் கழிப்பறை கட்ட வேண்டிய பள்ளிகள் எவை என்று ஆயிரக்கணக்கான பள்ளிகளிலிருந்து பொறுக்கிக் கொடுத்தால் அது நல்ல காரியம்தான். கணிப்பதே பாவம் என்று சொல்ல முடியாது.

அப்புறம் என்ன பிரச்சினை?

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அந்தப் பிரச்சினை ஏற்கெனவே தெரியும். இங்கே கம்ப்யூட்டரே இல்லாமல் முன்கணிப்பு செய்து காட்டியிருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் பெற்றோரைக் கூப்பிட்டு, 'உங்க பையன் பத்தாவது தேறமாட்டான், வேற ஸ்கூல் பாத்துக்கோங்க' என்று டி.சி.யைக் கையில் கொடுக்கிற பள்ளிகளைப் பற்றிக் கேள்விப்படாதவர் உண்டா? வாசலில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் கட்ட வேண்டுமே. பொதுத்தேர்வில் மாநில அளவில் முதல் இடங்களை அறிவிப்பதை அரசு 2017-இல் நிறுத்தியது. பேனர் ஆசை அதோடு நிற்கவில்லை.

அந்த டி.சி. வாங்கிய பையன் அதே பள்ளியில் இருந்திருந்தால் பாஸ் ஆகியிருப்பானா என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. அதனால் அந்தப் பள்ளியின் கணிப்பு ஒருநாளும் தப்பாகாது. வெளியே அனுப்பிவிட்டால் கணித்தவர் எப்போதும் ஜெயித்தவர்தான். ஆளை நீக்குவதற்குப் பயன்படும் எந்தக் கணிப்பிலும் இந்தக் கோளாறு உண்டு. அது ஆசிரியரின் மனக்கணக்காக இருந்தாலும் சரி, பல கோடி ரூபாய் மென்பொருளாக இருந்தாலும் சரி.

அமெரிக்காவில் இரண்டு பல்கலைக்கழகங்களின் கதை இதற்குப் பொருத்தமானது. அட்லாண்டாவில் இருக்கும் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2012 முதல் 800-க்கும் மேற்பட்ட அம்சங்களை வைத்து ஒவ்வொரு மாணவரையும் கவனிக்கிறது. ஒரு முக்கியப் பாடத்தில் மார்க் சரிந்தால் உடனே ஆலோசகருக்குத் தகவல் போகும், அவர் மாணவரைக் கூப்பிட்டுப் பேசுவார். இதற்காகவே ஆலோசகர்களை நிறைய பேர் புதிதாக வேலைக்கு எடுத்தார்கள். கொஞ்சம் பணம் குறைவதால் பெயர் நீக்கப்படும் நிலையில் இருந்த மாணவர்களுக்கு அந்தக் குறையைப் பல்கலைக்கழகமே கட்டியது. 2003-இல் 32 சதவீதமாக இருந்த பட்டம் முடிப்போர் விகிதம் பின்னாளில் 54 சதவீதம் வரை போனது. எல்லோரும் மென்பொருளைத்தான் பாராட்டினார்கள்... ஆலோசகரின் சம்பளத்தையும் ஃபீஸ் உதவியையும் எடுத்துவிட்டால் அந்த மென்பொருள் என்ன செய்திருக்கும்?

இன்னொன்று மேரிலாந்தில் உள்ள மவுண்ட் செயின்ட் மேரீஸ் பல்கலைக்கழகம். அங்கே முதலாண்டு மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். இதில் சரி தப்பு என்று எதுவும் இல்லை, உங்களுக்கு உதவத்தான் என்று சொன்னார்கள். உண்மையில் யார் தாக்குப்பிடிக்க மாட்டார்கள் என்று கண்டுபிடித்து, மாணவர் எண்ணிக்கையை அரசுக்குத் தெரிவிக்கும் தேதிக்கு முன்பே 20, 25 பேரை வெளியே அனுப்பிவிடுவது தலைவர் சைமன் நியூமனின் திட்டம். தேதிக்கு முன் போனவர்கள் கணக்கில் வரமாட்டார்கள், தக்கவைப்பு விகிதம் அழகாகத் தெரியும். எதிர்ப்புத் தெரிவித்த பேராசிரியரிடம் அவர், முயல்குட்டிகளை நீரில் முக்கத்தான் வேண்டும் என்கிற மாதிரிப் பேசியதாக மாணவர் பத்திரிகையான 'மவுண்டன் எக்கோ' 2016 ஜனவரியில் வெளியிட்டது. அந்தப் பத்திரிகைக்கு ஆலோசகராக இருந்த பேராசிரியரை வேலையை விட்டு நீக்கினார்கள். ஊரே கொந்தளித்தது. பிப்ரவரி கடைசியில் நியூமன் பதவி விலகினார்.

இரண்டு இடத்திலும் ஒரே வகைத் தகவல், ஒரே வகைப் பட்டியல். ஒன்றில் பட்டியலில் இருந்தவருக்கு ஃபோன் வந்தது, இன்னொன்றில் கதவைக் காட்டப் பார்த்தார்கள். உள்ளூர்க் கல்லூரிகளுக்கு இந்த ஆசை வராது என்று சொல்ல முடியுமா? என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் உரிய காலத்தில் பட்டம் முடிப்பவர்களின் விகிதத்துக்கும் மதிப்பெண் உண்டு. பேனருக்காக டி.சி. கொடுத்த மண்ணில் தரவரிசைக்காகக் கொடுக்க எவ்வளவு நேரமாகும்?

தகவலுக்கும் இங்கே பஞ்சமில்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததும் எமிஸ் எண் கொடுத்துவிடுகிறார்கள். கல்லூரிக்கு வந்தால் யூமிஸ். ஆதார், சாதி, வருமானம், வங்கிக் கணக்கு, முதல் பட்டதாரியா, எந்தப் பள்ளி என்று எல்லாம் அதில் ஏறிவிடும். இதனால் நன்மை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2022-இல் வந்த புதுமைப்பெண், 2024-இல் வந்த தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் சரியான கணக்கில் ஏறுவதற்கு இந்தத் தகவல்தான் அடிப்படை. பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேராதவர்களைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டு 'உயர்வுக்குப் படி' முகாம் நடத்தியதும் இப்படித்தான். அரசு எடுத்த பட்டியல்களிலேயே உருப்படியான பட்டியல் அது என்று தாராளமாகச் சொல்லலாம். அந்தப் பட்டியலில் பேர் வந்தவருக்கு நஷ்டம் எதுவும் கிடையாது. முகாமுக்குப் போகாவிட்டால் பழைய நிலைமை, அவ்வளவுதான்.

ஆனால் அதே தகவல் மேலே ஒரு கணிப்பு மென்பொருள் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். குடிகாடு. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், சிப்காட் தொழிற்பேட்டைக்குள் மாட்டிக்கொண்ட ஊர். பின்கோடு 607005. ரசாயனக் கம்பெனிகளின் லெட்டர்ஹெட்டிலும் அதே பின்கோடுதான், ஊர்க்காரர்களின் ரேஷன் கார்டிலும் அதே பின்கோடுதான். இங்கிருந்து ஒரு பையன் தேவனாம்பட்டினம் பெரியார் அரசு கலைக் கல்லூரிக்கோ, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கோ படிக்கப் போகிறான் என்று வையுங்கள். அப்பா காண்ட்ராக்ட் கூலி. ஷிஃப்ட் இருந்தால் சம்பளம், இல்லையென்றால் இல்லை. ஃபீஸ் கடைசித் தேதிக்குப் பிறகுதான் கட்ட முடிந்தது. நவம்பர், டிசம்பரில் வருகை குறைவு. கடலூர் மாவட்டத்துக்கு அந்த இரண்டு மாதம் எப்படிப்பட்டது என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால்தான் புரியும். 2011 டிசம்பரில் தானே புயல், 2015 நவம்பரில் வெள்ளம், 2024-இல் ஃபெஞ்சல் புயலும் சாத்தனூர் அணைத் தண்ணீரும். வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போது எவன் வகுப்புக்குப் போவான்?

மென்பொருளுக்கு இதெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிவது நாலு கட்டம்: வருகை குறைவு, ஃபீஸ் தாமதம், முதல் பட்டதாரி, பின்கோடு 607005. நாலும் சேர்ந்தால் சிவப்பு. இந்த நாலில் ஒன்றுகூட அவன் படிப்பைப் பற்றிச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பணம் இல்லை, மழை பெய்தது என்ற இரண்டு விஷயத்தைத்தான் நாலு விதமாகச் சொல்கின்றன.

இது கற்பனைப் பயம் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைப் பார்க்கலாம். அங்கே பத்தாண்டுக்கும் மேலாகப் பள்ளி மாணவர்களில் யார் நேரத்துக்குப் படிப்பை முடிக்க மாட்டார்கள் என்று ஒரு மென்பொருள் கணித்து வந்தது. 'தி மார்க்கப்' என்ற செய்தி நிறுவனம் 2023-இல் அதைத் துருவிப் பார்த்தபோது, முடிக்க மாட்டார் என்று அது சொன்னதில் கிட்டத்தட்ட நாலில் மூன்று தப்பு. அதிலும் வெள்ளையரைவிடக் கறுப்பின மாணவர்களுக்குத்தான் பொய் எச்சரிக்கை மிக அதிகம். அதே வருடம் பெர்க்லியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள். உதவி தேவைப்படுபவர்களைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு மாணவனையும் இப்படித் துழாவ வேண்டியதே இல்லை, எந்தப் பள்ளி, எந்தச் சூழல் என்று பார்த்தாலே அதே அளவு தெரிந்துவிடுகிறதாம். அப்படியானால் பணத்தை அந்தப் பள்ளிக்குக் கொடுத்தால் போதுமே, பையன் நெற்றியில் எதற்கு முத்திரை? குடிகாட்டுக்கும் இதேதான். பஸ் வேண்டும், மழைக்காலத்தில் வருகைக்குச் சலுகை வேண்டும். இதற்குத் தனித்தனியாகச் சிவப்பு மஞ்சள் தேவையில்லை.

தகவலின் அருமை குடிகாட்டுப் பக்கத்துக்காரர்களுக்கு மற்ற ஊர்க்காரர்களைவிட நன்றாகவே தெரியும். காற்றில் நாற்றம் வருகிறது என்று அவர்கள் சொன்னபோதெல்லாம் அது வெறும் புகாராகத்தான் இருந்தது. 2004-இல் சிப்காட் பகுதி கிராமத்தினரே பயிற்சி எடுத்துக்கொண்டு, பிளாஸ்டிக் பை வைத்த வாளியில் காற்றைப் பிடித்து வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருப்பதாக அறிக்கை வந்தது. அப்புறம்தான் அதிகாரிகள் காது கொடுத்தார்கள். அங்கே எளியவர்கள் வலியவர்களை அளந்தார்கள், அளந்ததை எல்லோருக்கும் காட்டினார்கள். மாணவர் கணிப்பில் வலியவர் எளியவரை அளக்கிறார், அளந்ததை அவரிடமே காட்டுவதில்லை.

காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2021 ஒரு உதாரணம். கொரோனாவால் பிளஸ் டூ தேர்வு ரத்தானது. பத்தாம் வகுப்பில் அதிக மார்க் வாங்கிய மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 சதவீதம், பதினொன்றாம் வகுப்பிலிருந்து 20, பன்னிரண்டில் செய்முறை மற்றும் அக மதிப்பீட்டிலிருந்து 30 என்று ஒரு சூத்திரம் போட்டு மார்க் கொடுத்தார்கள். அதுவும் ஒருவகை முன்கணிப்புதான். பத்தாவதில் விளையாட்டுத்தனமாக இருந்துவிட்டுப் பிறகு விழித்துக்கொண்டவர்களுக்கு அநியாயம் நடந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் சூத்திரம் பேப்பரில் வந்தது. ரிசல்ட்டுக்கு முன்பே பென்சில் எடுத்துத் தன் மார்க்கைத் தானே போட்டுப் பார்க்க முடிந்தது. திருப்தி இல்லாதவர் தேர்வு எழுதலாம் என்று ஒரு வாசலும் இருந்தது. முந்தைய ஆண்டு இங்கிலாந்தில் நடந்ததோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். 2020-இல் அங்கே அந்தந்தப் பள்ளியின் பழைய ரிசல்ட்டையும் சேர்த்து ஒரு அல்காரிதம் கிரேடு போட்டது. ஆசிரியர்கள் கொடுத்ததில் ஏறக்குறைய 40 சதவீத கிரேடுகள் இறங்கின. சுமாரான பள்ளியில் படித்த கெட்டிக்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள் (மறுபடியும் பின்கோடு!). மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 13 வந்த ரிசல்ட்டை 17-ஆம் தேதி வாபஸ் வாங்கினார்கள்.

காமர்ஸ் மாணவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழுந்தாக வேண்டும். மனிதருக்கு எண் போட்டுக் கணிக்கும் வேலை புதிதில்லை, சிபில் ஸ்கோர் இருக்கிறதே! இவர் கடனைக் கட்டுவாரா என்பதும் முன்கணிப்புதானே? ஆமாம். அதற்குச் சட்டம் எப்படிக் கடிவாளம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். 2005-இலேயே கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டு, அது 2017 முதல் நடக்கிறது. தப்பு இருந்தால் புகார் கொடுக்கலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு என்று 2023-இல் அறிவித்தார்கள். உங்கள் அறிக்கையை ஒரு வங்கி எடுத்துப் பார்த்தால் உங்களுக்குக் குறுஞ்செய்தி வர வேண்டும்.

டூவீலர் லோன் கேட்பவருக்கு இவ்வளவு உரிமை. மூன்று வருடப் படிப்பைப் பணயம் வைத்து வரும் மாணவருக்கு இதில் பாதியாவது வேண்டாமா?

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கொஞ்சம் கொடுக்கிறது. தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம், திருத்தச் சொல்லலாம், சம்மதத்தின் பேரில் வாங்கியதை அழிக்கச் சொல்லலாம். 18 வயது ஆகாதவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. முதலாண்டில் சேரும்போது பலருக்கு 17 வயதுதான், ஆக அவர்களுக்குப் பொருந்த வேண்டும். ஆனால் 2025 நவம்பரில் வந்த விதிகள் கல்விப் பணிக்காகவும் பாதுகாப்புக்காகவும் கண்காணிக்கலாம் என்று கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டன. எது கல்விப் பணி என்று கல்லூரிதான் சொல்லும். இயந்திரம் மட்டுமே எடுத்த முடிவை எதிர்த்துக் கேட்கும் உரிமை ஐரோப்பாவில் 2018 முதல் இருக்கிறது, இந்தச் சட்டத்தில் அது இல்லை. ஒரே ஒரு நல்ல வரி உண்டு. புள்ளிவிவரத்துக்காகத் தகவலைப் பயன்படுத்தினால் சட்டத்தின் கெடுபிடி பொருந்தாது, ஆனால் அதை வைத்துக் குறிப்பிட்ட ஒரு ஆளைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்கிறது. ஒதுக்கு வேறு, வாராக்கடன் வேறு என்று கணக்குப்பதிவியல் வாத்தியார் சொன்னதேதான்!

தமிழ்நாடு அரசுகூட 2020-இலேயே செயற்கை நுண்ணறிவைப் பாதுகாப்பாகவும் அறத்தோடும் பயன்படுத்த ஒரு கொள்கை வெளியிட்டது. மக்கள் மேல் ஒரு மென்பொருளை ஏவும் முன் சமத்துவம், அந்தரங்கம், வெளிப்படைத்தன்மை என்று பல தலைப்புகளில் அதற்கு மார்க் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. மாணவருக்கு மார்க் போடும் மென்பொருளுக்கு முதலில் மார்க் போடுவது நியாயம்தானே.

சில ஆசிரியர்கள் சொல்வார்கள், 'முதல் இன்டர்னல் பேப்பர் திருத்தும்போதே யார் தேறுவான் என்று எங்களுக்குத் தெரியும், அப்போது இல்லாத அறம் இப்போது எங்கிருந்து வந்தது' என்று. நியாயமான கேள்விதான். ஆனால் ஆசிரியரிடம் ஸ்டாஃப் ரூமில் போய் நின்று 'சார், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை' என்று சொல்ல முடியும். அவர் மனம் மாறுவார், அடுத்த வருடம் மறந்தும் போவார். ஃபைலில் ஏறிய சிவப்பு மறக்காது. முதலாண்டில் விழுந்தது மூன்றாம் ஆண்டு பிளேஸ்மென்ட் வரை கூடவே வரும். பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே எங்கிருந்தோ எண் வாங்கிக்கொண்டு 'எங்க காலேஜ்ல சேருங்க' என்று ஃபோன் போடும் தேசத்தில், அந்தச் சிவப்பு கல்லூரிக்கு உள்ளேயே இருக்கும் என்று நம்பச் சொல்வது கொஞ்சம் அதிகம்.

எண்ணைக் காட்டினால் மாணவர் மனமுடைந்து போவார் என்று இன்னொரு வாதம். அப்படியானால் எண்ணைக் காட்ட வேண்டாம், காரணத்தைக் காட்டுங்கள். 'உன் வருகை குறைந்திருக்கிறது, ஃபீஸ் பாக்கி இருக்கிறது, இந்த வாரம் இவரை வந்து பார்' என்று சொன்னால் யாரும் உடைந்துவிடப் போவதில்லை. கூப்பிட்டுப் பேச ஆள் வைக்க முடியாத கல்லூரி கணிப்பு மென்பொருள் வாங்கவே வேண்டாம்.

அட்மிஷன் விண்ணப்பத்தில் ஏற்கெனவே பல பக்கம் இருக்கிறது. அதில் இன்னும் நாலு வரி சேர்க்கலாம்: இந்தத் தகவல்களை வைத்து உங்களைப் பற்றிக் கணிப்பு எதுவும் செய்கிறோமா, அதை யார் பார்ப்பார்கள், நீங்கள் எங்கே போய்ப் பார்த்துத் திருத்தலாம், அதை வைத்து ஹால் டிக்கெட்டையோ உதவித்தொகையையோ பிளேஸ்மென்ட்டையோ நிறுத்த மாட்டோம், படிப்பு முடிந்ததும் அழித்துவிடுவோம் என்று. புதிய சட்டத்தின் முக்கியமான கடமைகள் 2027 மே மாதவாக்கில்தான் அமலுக்கு வரும். அதுவரை காத்திருக்க வேண்டும் என்று எந்தக் கல்லூரியையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வரும் ஜூனில் விண்ணப்பம் அச்சடிக்கும்போதே சேர்த்துவிடலாம்.